கொலுப்படிப் பெருக்கம்: கொழிஞ்சாம்பாறைச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

நவராத்திரிக் கொலுவைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் பொம்மையைப் பார்த்தார்கள். படியை எண்ணியவர் அரிது. அந்தக் குறையை நீக்க முற்படும் இவ்வாய்வு, தன் களமாகப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் கொழிஞ்சாம்பாறையைத் தேர்ந்துகொண்டது. அரசாங்கத் தாளில் மலையாளம், அடுக்களையில் தமிழ், ஜவுளிக்கும் பொம்மைக்கும் பொள்ளாச்சி என்று வாழும் ஊர் இது.

வேறொரு வசதியும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு அலங்கார மரபுகளை அடுத்தடுத்துப் பார்க்கலாம். 2025இல் திருவோணம் செப்டம்பர் 5. நவராத்திரித் தொடக்கம் செப்டம்பர் 22. அத்தம் நாளில் வாசலில் தொடங்கும் பூக்களம் பத்து நாள் தரையில் விரிந்துகொண்டே போகும். பண்டிகை முடிந்ததும் துடைப்பத்தோடு கதை முடியும். செண்டுமல்லியை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைத்தவர் எவரும் இல்லை. கொலு அப்படியல்ல. அது மேல்நோக்கி வளரும், பரணில் உறங்கும், ஒருபோதும் சாகாது. பூக்களத்துக்கு முறம் போதும். கொலுவுக்கு வீட்டில் பரண் வேண்டும், பரணில் ஏறத் தெரிந்த ஆள் வேண்டும்.

இனி அடிப்படை விதி. படிகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும்: மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தை நம் முன்னோர் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஐந்து படி நிறைந்த வீட்டுக்கு ஒரே ஒரு பொம்மை கூடுதலாக வருகிறது என்று கொள்வோம். ஆறாம் படி ஆகாது, ஆகவே ஏழு. படிக்குப் பத்து இடம் என்றால் இருபது இடத்தில் ஒன்று நிறைந்து பத்தொன்பது காலி. வெறும் படியைப் பார்த்து நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அம்மா கோவைக்குப் பஸ் ஏறிப் பெரியகடை வீதிப் பூம்புகாரில் நுழைகிறாள். பொம்மைகளோ செட்டாகத்தான் வரும். தசாவதாரம் பத்து, ஆழ்வார்கள் பன்னிருவர். ஆக இருபத்திரண்டு, முன்பு வந்த ஒன்றையும் சேர்த்தால் இருபத்து மூன்று. மூன்று மிச்சம். மறுபடி இரண்டு படி. அறுபத்துமூவர் பக்கம் போன குடும்பங்கள் வீடே மாற்ற வேண்டியிருக்கும்.

ஜப்பானியர் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். மார்ச் 3ஆம் தேதி வரும் ஹினமத்சுரியில் அவர்களும் படி கட்டி, சிவப்புத் துணி விரித்துப் பொம்மை வைக்கிறார்கள். முழு செட் என்றால் ஏழு படி, பதினைந்து பொம்மை. மேலே அரசரும் அரசியும், அடுத்து மூன்று பணிப்பெண்கள், அதற்கடுத்து ஐந்து இசைக்காரர்கள் என்று வேலைப் பட்டியல் உறுதி. கிரிக்கெட் டீமுக்கு அங்கே இடம் கிடையாது. பண்டிகை கழிந்தும் பொம்மையை எடுத்து வைக்காத வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று ஒரு நம்பிக்கையும் இருப்பதால், பிரித்து அடுக்கும் வேலையும் ஒழுங்காக நடக்கிறது. நம்மிடம் விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்ததோடு கடமை முடிந்துவிடுகிறது. மீதிப் பொம்மைகள் தீபாவளி லேகியம் கிண்டும்வரை நின்றுகொண்டே இருந்த வீடுகளை ஆய்வாளர் அறிவார்.

எந்தப் படியில் யார் என்பதற்கு ஒரு சாஸ்திரம் சொல்வார்கள். ஓரறிவு உயிர் தொடங்கி ஆறறிவு மனிதர் வரை கீழிருந்து மேல். அதற்கு மேல் மகான்கள், தெய்வங்கள். உயிர்களை அறிவால் வகுக்கும் முறை தொல்காப்பிய மரபியலிலேயே உண்டு என்பதால் இதற்குப் புலமைப் பின்புலமும் பலம். நடைமுறையில் ஆள்வது உயரம். ஒன்றரையடி மயில் ஐந்தறிவோடு மேல்படியில் நிற்க, விரற்கடை உயர நாயனார் செட்டியார் கடைப் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் இருப்பார்.

சாஸ்திரம் அடியோடு கைவிடும் இடம் கதகளித் தலை. இந்த வட்டாரத்தில் கிருகப்பிரவேசம், பணி ஓய்வு எதுவானாலும் அதைத்தான் கொடுக்கிறார்கள். அது எந்தப் படி? பச்சை வேஷம் என்றால் நளன், கிருஷ்ணன் போன்ற உத்தமர். கத்தி வேஷம் என்றால் ராவணன், துரியோதனன். முகம் பச்சைதான், ஆனால் மூக்கு நுனியில் வெள்ளை உருண்டையும் கன்னத்தில் மீசை போலச் சிவப்பும் இருந்தால் கத்தி. ராவணனைத் தசாவதாரத்துக்கு மேலே ஏற்றிய வீடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சுட்டிக்காட்டியதும், தலை ஃப்ரிட்ஜ் மேலே மாற்றப்பட்டது. இன்றுவரை அங்கேதான்.

காலக்கணிப்புக்குப் பரண் தரும் சான்று விரிவானது. பொம்மை சுற்றிய பேப்பரே அடுக்காய்வுக்கு ஆதாரம். கீழடுக்கில் தினத்தந்தி, நடுவில் மாத்ருபூமி, மேலே மறுபடி தினத்தந்தி என்று கிடைத்தால், இடையில் பிள்ளைகள் மலையாள மீடியத்தில் படித்த காலம் என்று துணியலாம். ஒரு கிருஷ்ணரைச் சுற்றியிருந்தது 1996 மார்ச் மாதத் தாள். கொல்கத்தாவில் உலகக் கோப்பை அரையிறுதி ரசிகர் கலவரத்தால் நின்றுபோன செய்தி. கொலு எடுத்து வைப்பதோ அக்டோபரில். ஆகவே அந்த ஆண்டு ஏழு மாதமாகப் பழைய பேப்பர்க்காரர் அந்தத் தெருப்பக்கம் வரவில்லை என்பது பெறப்படும். இந்தச் செய்தியை வீட்டுக்காரர் உட்கார்ந்து முழுதும் படித்து முடிக்கும்வரை கிருஷ்ணர் தரையில் குப்புறக் கிடந்தார். படி கட்டத் தாமதமாவதற்கு முதற் காரணம் இதுவே.

இரண்டாம் காரணம் அரசியல். தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறை நவராத்திரியை ஒட்டி வருவதால் பொள்ளாச்சியில் படி கட்டப் பிள்ளைகள் கிடைப்பார்கள். கேரளப் பள்ளிகள் பத்து நாள் லீவை ஓணத்துக்கே கொடுத்துத் தீர்த்துவிடுகின்றன. இங்கே பூஜை வைப்பு வந்தால்தான் பையன் வீட்டில் இருப்பான். அதற்குள் மணல் பரப்பி, கடுகு தூவி, கண்ணாடியைக் குளமாக்கி எல்லாம் ஆகிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டம் வெளியே தெரியாமல் மணலால் மூடும் அந்த நுட்பமான வேலையையும் தாத்தாவே செய்கிறார்.

பார்க்க வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டே, "ஏனுங் அம்மிணி, போன வருசம் மூணாம் படியில ஒரு வீணைக்காரி இருந்துச்சுங்களே?" என்பார்கள். அவர்கள் ஞாபகத்தில் எந்தப் பொம்மையும் தப்பாது. காலியிடம் ஒன்று கண்ணில் பட்டால், அடுத்த முறை வரும்போது பையில் ஒரு பொம்மை இருக்கும்.

பொம்மைத்தொகை குறைந்ததாகப் பதிவானது ஒரே சூழலில்தான். பெண் கல்யாணமாகிப் போகும்போது மரப்பாச்சி ஜோடியும் கொஞ்சம் சில்லறைப் பொம்மைகளும் கூடவே போகும். அவள் கோயம்புத்தூர் ஃப்ளாட்டில் மூன்று படியோடு தொடங்குகிறாள். இங்கே ஒன்பது ஏழாக இறங்கியிருக்க வேண்டும்; அப்பா எதிர்பார்த்ததும் அதுதான். ஆவணி பிறந்ததும் அம்மா பொள்ளாச்சி பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். போன இடம் காலியாக இருக்கலாமா?