சகலையின் மூக்கு

சென்ற சனிக்கிழமை மாலை, மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலைப் பார்த்த ஒரு வாடகை பங்களாவின் தாழ்வாரத்தில், விரற்கடை ஜின் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தை மூக்கருகே பிடித்தபடி முக்கால் மணி நேரம் நின்ற கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிவிடுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றே உட்கார்ந்திருக்கிறேன். முக்கியமான விஷயம் ஒன்று சொல்லப்போகிறேன். அதற்கு முன் மூக்கைப் பற்றிச் சிறிது.

அழைத்தவர் என் சகலை. கொடுத்ததைக் குடித்துவிட்டுச் சிவனே என்று தூங்கிக்கொண்டிருந்த சாது, லண்டனில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியதிலிருந்து, “சகலை, குடிச்சிடாதீங்க! முதல்ல ஜூனிப்பர். பைன் காடு தெரியுதா?” என்கிறார்.

கொளவாய் ஏரிக் காற்றில் வளர்ந்த செங்கற்பட்டுக்காரனுக்குப் பைன் காடு எப்படித் தெரியும்? நான் அறிந்த ஆரண்யம் இக்கடற்கரையின் சவுக்குத் தோப்பு. அதன் பரிமளத்தில் பாதி கருவாட்டுக்குச் சொந்தம். ஆயினும், ராகம் புரியாமலே கச்சேரிகளில் ஆடிப் பழகிய தலையல்லவா, தானாக ஆடியது, “ஆஹா” என்றேன். “கொத்தமல்லி விதை?” என்றார். வீட்டில் ரசப்பொடிக்குத் தனியா வறுத்தால் தெருமுனையிலிருந்தே சொல்லக்கூடிய நான், அதற்கும் லண்டன் போய்வந்தவர்போல் கண்களை மூடிக்கொண்டேன்.

உண்மையில் என் நாசி கூறியது வேறு: டர்பன்டைன். அலமாரிக்கு வார்னிஷ் பூச வந்த ஆசாரியின் டப்பா அப்படியே கண்முன் நின்றது. சொன்னால் மரியாதை போய்விடுமென்று விழுங்கிவிட்டேன். வீடு திரும்பிப் புஸ்தகத்தைப் புரட்டினால், ஜூனிப்பருக்கு மணமூட்டும் ஆல்ஃபா பைனீன்தான் டர்பன்டைனிலும் பிரதானமாம்! சபையில் ஜயித்திருக்க வேண்டிய மூக்கு, வாயின் கோழைத்தனத்தால் தோற்றது. மேலும், பழம் பழமென்று சகலை உருகியது பழமே அன்று, ஊசியிலைச் செடியின் சதைப்பற்றுள்ள கூம்பு, லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்க்காத லண்டன் ஜின்னை ‘டிரை’ என்கிறார்கள், நம் நாட்டிலோ கடை மூடிய நாளுக்குத்தான் அப்பெயர். இவையெல்லாம் மறுநாள் தோன்றி என்ன பிரயோஜனம்?

டானிக் கேட்டேன், அபசாரம் என்றார். 1860களிலேயே சிங்கோனா பயிரிட்டுக் கொயினா எடுக்க வழிசெய்த நீலகிரி நம்முடையது. டானிக்கின் அந்தக் கசப்பில் ஒரு பாத்யதையும் கிடையாதா? சுண்டல்காரன் வாசலோடு போனான். நாக்கு கெட்டுவிடுமென்று அவனையும் விரட்டினார். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சொல்ல வந்த முக்கியமான விஷயம்... இதோ, வாசலில் சகலையின் கார். இமயமலை ஜூனிப்பரில் வடித்த, சம்ஸ்கிருதப் பெயர் தாங்கிய ‘ஹபுசா’ கொண்டுவந்திருக்கிறாராம். சுண்டல் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்படுகிறேன்.