தயவுசெய்து உங்கள் இணையதளத்தைத் தொடாதீர்கள்

அனுப்புநர்:
ஒரு ப்ரவுசிங் சென்டர் உரிமையாளர்,
பேருந்து நிலையம் எதிரில்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இணையதளச் சீரமைப்புக் குழு,
(துறையின் பெயரை எழுதிச் சங்கடப்படுத்த விரும்பவில்லை).

பொருள்: துறை இணையதளத்தை ரெஸ்பான்சிவ் முறைக்கு மாற்றும் உத்தேசத்தைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் முகப்புப் பக்கத்தில் ஓடும் நகரும் செய்தி (போனில் பாதிதான் படிக்க முடிந்தது).

ஐயா,

தங்கள் இணையதளம் எந்தத் திரையில் திறந்தாலும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்படி செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக் குழு அமைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என் கடையின் கணினிகளும் ஜெராக்ஸ் மெஷினும் தங்கள் தளம் இப்போதிருக்கும் லட்சணத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

என்னிடம் வருகிற யாரும் நேராக வருவதில்லை. முதலில் போனில் முயன்று பார்க்கிறார்கள். வீட்டில் கணினி கிடையாது. போன் மட்டும் உண்டு. அதில் தங்கள் தளம் எறும்பு வரிசையாகத் தெரிகிறது. போனின் அகலத்தையே எடுத்துக்கொள் என்று பக்கத்தின் தலையில் எழுதவேண்டிய ஒற்றை வரி அதில் இல்லையாம். அதனால் போன் அதைச் சுமார் 980 பிக்சல் அகலப் பக்கமாகக் கருதிச் சுருக்கிக் காட்டுகிறதாம். கடைப் பையன் சொன்னான்; பொறியியல் படித்தவன். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டவருக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

கண்ணைச் சுருக்கிப் படித்துவிடுகிற கெட்டிக்காரர்களையும் தாங்கள் விடுவதில்லை. மவுஸ் அம்புக்குறி மேலே வந்து நின்றால்தான் மெனு விரியும். விரலுக்கு அம்புக்குறி ஏது? ‘சமர்ப்பி’ பொத்தான் வலது ஓரத்தில், திரைக்கு வெளியே இருக்கிறது. ஓடிபி பார்த்துவிட்டுத் திரும்பினால் படிவம் மறுபடி வெறுமையாகி நிற்கிறது. இத்தனையும் தாண்டியவர், தாங்கள் ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப் உறுதிமொழியைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அங்கே என் படியேறாமல் தப்பியவர் எவருமில்லை.

தங்கள் குழு கூடுவதற்கெல்லாம் மூலகாரணம் ஈத்தன் மார்காட் என்கிற அமெரிக்கர். 2010 மே மாதம் அவர் எழுதிய ஒரு கட்டுரையில்தான் ‘ரெஸ்பான்சிவ்’ முறை என்கிற இந்தப் பெயரே பிறந்தது. பத்திகளின் அகலத்தைப் பிக்சலில் அளக்காமல் விகிதத்தில் அளப்பது, படங்களை இடத்துக்கேற்பச் சுருங்க விடுவது, திரையின் அகலத்தைக் கேட்டறிந்து அமைப்பை மாற்றுவது என்று மூன்றே சேர்மானம். ஒரே முகவரி, ஒரே பக்கம். தங்கள் குழு இதை எதிர்காலத் தொழில்நுட்பம் என்று அழைப்பது எனக்கு மிகவும் ஆறுதல் தருகிறது.

கூட்டத்தில் யாராவது மாற்றத்தை வற்புறுத்தினால் தடுக்கச் சில வழிகள் சொல்கிறேன். முதலாவது, ‘செயலி செய்துவிடலாம்’ என்பது. ஆண்டுக்கு ஒரு முறை விண்ணப்பிக்கிறவர் அதற்காகப் போனில் ஒரு செயலியை ஏற்றி வைக்கமாட்டார். பணமும் செலவாகும், என் வாடிக்கையாளரும் எனக்கே மிஞ்சுவார். இரண்டாவது, போனுக்கென்று தனித்தளம் அமைப்பது. கடைசித் தேதியை ஒன்றில் நீட்டித்து மற்றொன்றில் மறந்துவிடலாம். மூன்றாவது, மாற்றியதாகவே காட்டிவிடுவது. முகப்பிலுள்ள பிரம்மாண்டப் படத்தைச் சின்னத் திரையில் மறைத்தால் போதும். அப்படி வெறுமனே மறைத்த படம் பெரும்பாலும் பின்னணியில் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய டேட்டா கரையும், டெண்டரில் ‘ரெஸ்பான்சிவ்: ஆம்’ என்று டிக் விழும்.

நியாயமும் பேச வேண்டும் அல்லவா? இந்த முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தங்கள் ஊழியர்கள் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் உள்திரையில் இருபது பத்திகள் இருக்கும். நாள்முழுக்க மேசையில், பெரிய திரையில், கீபோர்டில் செய்கிற வேலை அது. அதைப் போனுக்குள் திணிப்பது வீண்செலவு. பொதுமக்கள் பக்கத்துக்குத்தான் அந்தப் பணம் தேவை. யார் வருகிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், எதைச் செய்து முடிக்க வந்தார் என்ற மூன்றையும் கேட்டாலே எந்தப் பக்கத்துக்கு எது பொருந்தும் என்பது தெரிந்துவிடும். தாங்களோ அதைக் கேட்காமல், உயரதிகாரிகள் பார்க்கும் புள்ளிவிவரத் திரையை மட்டும் போனில் அழகாக வருமாறு செய்திருக்கிறீர்கள். தங்கள் தொலைநோக்கை எண்ணி வியக்கிறேன்.

ஒரே ஒரு பயம் இருக்கிறது. மத்திய அரசு, அரசு இணையதளங்களுக்கென்று 2009-லேயே வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. அது பின்பற்றச் சொல்லும் டபிள்யூசிஏஜி 2.1 என்னும் உலகத் தரவிதி, 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடியவேண்டும் என்கிறது. வரைபடம், பெரிய அட்டவணை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. விண்ணப்பப் படிவம் அந்த விலக்கில் வராது. குழுவில் யாரும் இதைப் படித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். பெரிய திரையில் விளக்கப்படம் போட்டே முடிவெடுங்கள். உறுப்பினர்களில் எவரும் விலை மலிவான போன் ஒன்றை வாங்கி, நடுப்பகலில், பேருந்து நிலையத்தில் நின்றபடி, தங்கள் படிவத்தைத் தாமே நிரப்பிப் பார்க்க அனுமதிக்காதீர்கள். ஒருவர் பார்த்துவிட்டாலும் அடுத்த கூட்டம் தேவைப்படாது. நான் வேறு தொழில் தேட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் தாமதத்தால் வாழும்,
ப்ரவுசிங் சென்டர் உரிமையாளர்.