கையா, சீட்டா?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் நிர்வாகசபையைக் கை உயர்த்தித்தான் தெரிவு செய்கிறார்கள். இது சரியான முறையா?
– வாசகர் ஒருவர், ஊர்காவற்றுறை

பதில்: யாப்பு இடம்கொடுத்தால் பிழையில்லை. ஆனால் கடன் கொடுத்தவர் முன்வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தால் எந்தக் கை எழும்பும்? இரகசிய வாக்குச்சீட்டு அதற்குத்தான்.

சோழர் காலத்து உத்திரமேரூர்க்காரர் தங்கள் ஊர்ச்சபைத் தெரிவில் படு கறார். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளின்படி (919, 921) 30 குடும்புகள் (வட்டாரங்கள்). பெயர் எழுதிய ஓலைகள் குடத்துக்குள். எடுப்பவன் ஒரு சிறுவன். வயது, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, 35க்கு மேல், 70க்குள். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்கள். எல்லாரும் எல்லாருக்கும் மச்சானாக இருக்கும் தீவுகளில் இந்த விதி வந்தால், தலைவரைக் கப்பலில்தான் இறக்கவேண்டும்!

உங்கள் தெரிவுக்கோ முன்கூட்டிய அறிவித்தல், உறுப்பினர் பட்டியல், நிறைவெண் மூன்றும் அவசியம். போட்டியிடுபவர் வாக்கெண்ணக் கூடாது. நெடுந்தீவு உறுப்பினர்கள் குறிகட்டுவானில் படகு பிடிக்க ஓடியபிறகு வாக்கெடுப்பு வைப்பது, நேரம் பார்த்துச் செய்யும் கெட்டித்தனம்.

ஒருவரும் முன்வராவிட்டால்? அதுவும் உங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1931 அரசாங்க சபைத் தேர்தலில் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் ஊர்காவற்றுறைத் தொகுதிக்கு வேட்புமனுவே வரவில்லை. அந்தக் கதிரை 1934 வரை காற்று வாங்கியது.