குரங்குக்கும் பெரட்டு உண்டு

ராகலையில் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி கரட் போட்டவனுக்குத் துரைமார் இரண்டு பேர். ஒருவர் பங்களாவில் இருப்பார். மற்றவர் சவுக்கு மரத்தில் இருப்பார். பங்களாத் துரையிடம் லீவு கேட்கலாம்.

மரத்துத் துரைக்கு நடுவகிடு எடுத்துச் சீவிய தலை. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத சாதி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்; வேறெந்த நாடும் தாங்காது என்பது என் கருத்து. அது கரட் தின்னும் அழகைப் பார்க்க வேண்டும். இலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவை. மண்ணைத் தொடையில் தேய்த்துத் துடைக்கும். பிறகு கரட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தலைப்பக்கம் ஒரு கடி கடித்து, மீதியை வீசிவிட்டு அடுத்ததைப் பிடுங்கும். கொழுந்து நிறை குறைந்தால் நமக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். இதற்கு அரைக் கரட்டுக்கே முழுப்பேர்.

2023இல் அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர, ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையைச் சொன்னார். எங்கள் லயத்தில் பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு ஏஜென்சிக்காரன் வாயைப் பார்த்திருந்த பையன்களுக்கு வயிறு எரிந்தது. கடைசியில் குரங்கும் போகவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்ததாகச் சொன்னார்கள்; நாடே இருண்டது. எங்களுக்குக் கரன்ட் போவது புதிதில்லை. ஆனால் காரணம் சொல்லிப் போனது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதமே கணக்கெடுப்பு வந்தது. மார்ச் 15, சனிக்கிழமை, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, அவரவர் வளவில் குரங்கு, மந்தி, மலை அணில், மயில் எத்தனை என்று எண்ணி, கொடுத்த தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்தே நிமிடம்.

சனிக்கிழமை எட்டு மணிக்குத் தோட்டத்தில் யார் இருப்பார்கள்? காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டு முடிந்து எல்லோரும் கூடையோடு மலையேறிவிட்டார்கள். மிஞ்சியது பென்சன் வாங்கிய பெரியம்மாவும், பேனாவோடு நானும்தான். குரங்குகளுக்கும் பெரட்டு உண்டு. பெரியது முதலில் வந்து கூரைத் தகரத்தில் உட்கார்ந்து ஆள் இருக்கிறதா என்று பார்க்கும், பிறகு மற்றவை இறங்கும். அன்றைக்கும் இறங்கின. எண்ணத் தொடங்கினேன்.

"டேய் தம்பி, அந்த வாலு அறுந்தத சேத்துராத. அது மேல் டிவிசன்!"

"குரங்குக்கு ஏது பெரியம்மா டிவிசன்?"

"நமக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

இந்த வாக்குவாதத்திலேயே மூன்று நிமிடம் போய்விட்டது. மயிலுக்கு நேரே பூச்சியம் போட்டேன். அதிலும் பெரியம்மாவுக்கு வருத்தம். முருகன் வாகனத்துக்குப் பூச்சியமா என்று.

தாளில் இடமில்லாத சீவன்களும் உண்டு. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி இலங்கை மலைநாட்டுக்கே உரியது. அதைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் கழுத்தில் கமரா கட்டி வருகிறார்கள். இமயமலைப் பக்கமிருந்து குளிருக்கு வரும் ஆறுமணிக் குருவியைத் தேடி நுவரெலியா விக்டோரியா பூங்காவில் டிக்கட் எடுத்து, நாறும் ஓடைக்கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். அது எங்கள் பீலிக்கரைக்கும் வரும். டிக்கட் இல்லை, நாற்றம் உண்டு. விடியலில் அது கூப்பிட்டால் அடுப்பு மூட்டலாம்; பெரட்டுக்குப் பிந்தாது. ஒரு கரட்டைத் தொடாத இந்தப் பிராணிகளை எண்ண யாருக்கும் அவசரமில்லை.

பிறகு முடிவு வெளியானது: குரங்கு மட்டும் 50 லட்சத்துக்கு மேல், மயில் 40 லட்சத்துக்கு மேல். நாட்டில் நாலு பேருக்கு ஒரு குரங்கு என்றாகிறது. எங்கள் லயத்துக் கணக்கு அதற்கு நேர் எதிர். கூடிப்போயிற்று என்று நகரத்தில் சிலர் சிரித்தார்கள். ராகலையில் ஒருவரும் சிரிக்கவில்லை, குறைத்துவிட்டார்கள் என்றுதான் பேச்சு.

அதிகாரிமாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை எண்ணுவதென்றால் ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், எல்லோரும் வீட்டில் இருப்போம். தாளில் "எந்த டிவிசன்" என்று ஒரு கட்டமும் சேருங்கள். பெரியம்மா கையெழுத்துப் போட மறுக்கிறார்.