பூந்தொட்டிக்குப் பின்னால் ஒரு ஆள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் தன்பாலீர்ப்பாளர்களின் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொள்ளட்டும். நான் ஒரு பூந்தொட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

1967 மார்ச் 7 இரவு, சிபிஎஸ் அலைவரிசையில் ‘தி ஹோமோசெக்சுவல்ஸ்’ என்று ஒரு மணி நேர ஆவணப்படம் போட்டார்கள். நடத்தியவர் மைக் வாலஸ். எழவு வீட்டில் செலவுக் கணக்கு வாசிக்கிறவர் மாதிரி ஒரு குரல். அதில் ஒரு இளைஞரைப் பேட்டி எடுத்தார்கள். அவர் முகம் தெரியக்கூடாது. இருட்டில் உட்கார வைக்கலாம், முதுகைக் காட்டச் சொல்லலாம், எத்தனையோ வழி உண்டு. சிபிஎஸ்காரர்கள் ஒரு பெரிய தொட்டிச் செடியைத் தூக்கிவந்து அவர் மூஞ்சிக்கு நேராக வைத்தார்கள். மனுஷன் இலைகளுக்கு நடுவிலிருந்து பேசினார். வாலியைக் குறிபார்த்த ராமனுக்குப் பிறகு இலைமறைவில் இவ்வளவு கஷ்டப்பட்டவர் இவராகத்தான் இருக்கும். ஒரே வித்தியாசம், இங்கே அம்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

இதெல்லாம் ஒரு வியாதி என்று அடித்துச் சொல்ல ஒரு மனநல மருத்துவரும் வந்திருந்தார். பெயர் சார்லஸ் சொக்காரிடஸ். கடைசிவரை அதே கட்சிதான். அவருடைய மகன் ரிச்சர்ட் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர். பிற்காலத்தில் கிளின்டனின் வெள்ளை மாளிகையில் தன்பாலீர்ப்பாளர் உரிமைகளுக்கே ஆலோசகராக உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் காட்சியை யாரும் ஆவணப்படம் எடுக்கவில்லை.

செடியே இல்லாமல் முகம் காட்டிப் பேசியவர் ஜாக் நிக்கல்ஸ். முகத்தைக் காட்டினார், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். ஏனென்றால் அப்பா எஃப்பிஐ அதிகாரி. ஆவணப்படம் ஓடிய மறுநாளே ஹோட்டல் வேலை போய்விட்டது. நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுக்க ஒரு கம்பெனியும் வரவில்லை. இடைவேளைகளைப் பொதுநல அறிவிப்புகளை வைத்து ரொப்பினார்கள். சோப்பு விற்கிறவனுக்குக்கூடத் தன் சோப்பு அழுக்காகிவிடும் என்று பயம்.

அடுத்த காட்சி வெள்ளை மாளிகை. 1971 மே 13. ஜனாதிபதி நிக்சன் தன் உதவியாளர்கள் ஹால்ட்மேனிடமும் எர்லிக்மேனிடமும் புலம்புகிறார். பேஸ்பால் பார்க்கலாம் என்று டிவியைப் போட்டாராம். ஆட்டம் முடிந்ததும் சிபிஎஸ்ஸில் ஏதோ ஒரு படம் வந்ததாம். அதில் பலசாலியான ஒரு முன்னாள் ஃபுட்பால் ஆட்டக்காரன் கடைசியில் தன்பாலீர்ப்பாளன் என்று காட்டுகிறார்களாம், அநியாயம். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருக்கிறது. மனுஷன் கதைச் சுருக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் பார்த்தது படமே அல்ல. ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்ற வாராந்திர நகைச்சுவைத் தொடர். பிப்ரவரி 9-ஆம் தேதி முதன்முதலில் வந்த பகுதி. ஆர்ச்சி பங்கர் என்கிற முசுடு அப்பா, மருமகனின் மெலிந்த நண்பன் ஒருவனைப் பார்த்து ‘இவன் அப்படித்தான்’ என்று முடிவு கட்டுவார். அவன் அப்படி இல்லை. அப்படிப்பட்டவர், ஆர்ச்சி தெய்வமாகக் கும்பிடும் முன்னாள் ஆட்டக்காரர் ஸ்டீவ். மதுக்கடையில் இருவரும் கைமடக்கிப் பலம் பார்க்கும்போது ஸ்டீவ் உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஆர்ச்சி நம்ப மாட்டேன் என்கிறார். நிக்சனும் அதே கட்சி.

கிரேக்கர்கள் அழிந்ததற்கே இந்தப் பழக்கம்தான் காரணம், அரிஸ்டாட்டிலும் சாக்ரட்டீஸும் அந்த ரகம்தான் என்று ஜனாதிபதி உதவியாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். ரோமாபுரிச் சக்கரவர்த்திகளையும் விட்டுவைக்கவில்லை. இந்த அருளுரை நமக்கு எப்படிக் கிடைத்தது? தன் அறையில் நடக்கும் பேச்செல்லாம் பதிவாக வேண்டும் என்று, ஆர்ச்சி கைமடக்கிய அதே பிப்ரவரியில், நிக்சன் தானே கருவி பொருத்தி வைத்திருந்தார். கிரேக்கத்தை எது வீழ்த்தியதோ தெரியாது. நிக்சனை வீழ்த்தியது அந்தக் கருவி.

டிவிக்காரர்கள் இதற்குள் ஒரு சூத்திரம் கண்டுபிடித்துவிட்டார்கள். தன்பாலீர்ப்பாளர் கதையில் வரலாம். ஒன்று அழ வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் கொலை செய்ய வேண்டும். 1974 நவம்பரில் என்பிசியின் ‘போலீஸ் வுமன்’ தொடரில் மூன்று லெஸ்பியன்கள் முதியோர் இல்லம் நடத்தினார்கள். பாட்டிகளைக் கொன்று பணத்தைச் சுருட்டுவது அவர்கள் தொழில். கொதித்துப்போன பெண்கள் என்பிசி அலுவலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பகுதியை மறுபடி போடுவதில்லை என்று பிறகு நிர்வாகம் ஒத்துக்கொண்டது.

ஒரு அழுகைக் கதையும் சொல்ல வேண்டும். 1972 நவம்பரில் ஏபிசி காட்டிய ‘தட் செர்ட்டன் சம்மர்’ என்ற டிவி படம். விவாகரத்தான அப்பா, அவருடைய காதலன், விஷயம் தெரியாத மகன். கௌரவமான படம்தான். ஆனால் தனக்கு வழி இருந்தால் இப்படி இருக்க மாட்டேன் என்று அப்பா ஒரு வசனம் சொல்லியே ஆகவேண்டும் என்று நிறுவனம் பிடித்த பிடியில் நின்றது. சீட்டுப் போட்டுச் சேர்ந்த மாதிரி! காதலனாக நடித்தவர் மார்ட்டின் ஷீன். அதற்கு முன் வங்கிக் கொள்ளை, ஆள்கடத்தல், கொலை என்று எல்லா வேஷமும் கட்டியிருந்தார். அப்போதெல்லாம் எதிர்காலம் கெட்டுவிடும் என்று யாரும் எச்சரிக்கவில்லை, இதற்கு மட்டும் எச்சரித்தார்கள் என்று பின்னாளில் சொல்லிச் சிரித்தார்.

நாடகத்தில் இடம் கிடைக்காதவர்கள் செய்தியில் நுழைந்தார்கள், கதவைத் திறந்துகொண்டு. 1973 டிசம்பர் 11 மாலை. அமெரிக்காவே நம்பும் வால்டர் கிராங்கைட் செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறார். மார்க் சீகல் என்ற 22 வயதுப் பையன், மாணவப் பத்திரிகையாளன் என்று சொல்லி அரங்குக்குள் வந்தவன், நேரே போய் அவர் மேஜைமேல் ஏறி உட்கார்ந்தான். சிபிஎஸ்ஸின் பாரபட்சத்தைக் கண்டிக்கும் மஞ்சள் அட்டை அவன் கையில். ஊழியர்கள் பாய்ந்து அவனைத் தரையில் அமுக்கி, கைக்குக் கிடைத்த கேபிள் வயரால் சுற்றினார்கள். திரை இருண்டது. வெளிச்சம் வந்ததும், நடந்தது இன்னது என்று கிராங்கைட் அதையும் ஒரு செய்தியாக அசராமல் வாசித்தார். சீகலுக்கு 450 டாலர் அபராதம். அப்புறம் அந்த இருவரும் நண்பர்களானார்கள். தன்பாலீர்ப்பாளர் உரிமைச் செய்திகளும் கிராங்கைட்டின் மேஜைக்கு வர ஆரம்பித்தன. ஓடும் நிகழ்ச்சியில் மேஜைமேல் ஏறினால்தான் காது கேட்கும் என்பது அமெரிக்காவுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல.

வியாதி என்றதும் ஞாபகம் வருகிறது: சீகல் மேஜை ஏறிய நாலாம் நாள், டிசம்பர் 15 அன்று, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. சொக்காரிடஸ் டாக்டருக்கு மகா கோபம்.

1977-இல் ஏபிசி ‘சோப்’ என்ற தொடரை அறிவித்தது. பில்லி கிறிஸ்டல் நடித்த ஜோடி டல்லாஸ் என்ற தன்பாலீர்ப்பாளர் அதில் முக்கியப் பாத்திரம். முதல் பகுதி ஒளிபரப்பாகும் முன்பே 32,000 கடிதங்கள் வந்து குவிந்தன, பெரும்பாலும் வசவு. பார்க்காத ஒன்றைத் திட்டுவதில் மனித குலம் காட்டும் சுறுசுறுப்பை வேறு எதிலும் பார்க்க முடியாது. ஏபிசி அசரவில்லை, ஆனால் ஜோடியை உருட்டி எடுத்துவிட்டது. முதலில் ஆண் காதலன். பிறகு பெண்ணாக மாற ஆசை. பிறகு ஒரு பெண்ணோடு ஒரு ராத்திரி, அதில் ஒரு குழந்தை. குழந்தைக்காக வழக்கு. கடைசியில் யாரோ வசியம் செய்யப்போய், தான் ஜூலியஸ் கஸண்டார்ஃப் என்ற 90 வயது யூதக் கிழவர் என்றே நம்ப ஆரம்பித்துவிடுகிறார். 1981-இல் தொடரை நிறுத்தினார்கள். வசியத்தை யாரும் எடுக்கவில்லை. ஜோடி இன்றைக்கும் கிழவராகத்தான் இருக்கிறார்.

அதே 1981-இல் ‘லவ், சிட்னி’ வந்தது. சிட்னிக்கு ஒரு பழைய காதலன் உண்டு. எங்கே? செத்துப்போய், கணப்படுப்புக்கு மேலே சட்டத்துக்குள் புகைப்படமாக. தொட்டிச் செடி போய் படச்சட்டம் வந்தது, அவ்வளவு முன்னேற்றம். ‘கே’ என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை.

‘டைனஸ்டி’க்கு வருவோம். நம் நெடுந்தொடர் ரசிகர்களுக்கு இது சொந்த ஊர் மாதிரி. எண்ணெய்க் கோடீஸ்வரர் பிளேக் காரிங்டன், மகன் ஸ்டீவன். ஸ்டீவனின் காதலன் டெட் விடைபெற வந்த இடத்தில் அப்பா பிடித்துத் தள்ள, தலை அடிபட்டுச் சாவு. முதல் காதலன் காலி. ஸ்டீவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள், பெண்ணோடு. நடிகர் அல் கோர்லி வெறுத்துப்போய் விலகினார். ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு அட்டை காட்டி வேலையை முடிக்க அவர்களுக்குத் தெரியவில்லை பாவம். எண்ணெய்க் கிணறு வெடித்தது, முகத்துக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி, கட்டைப் பிரித்தால் ஜாக் கோல்மன்! முகம் மாறினாலும் ஆசை மாறவில்லை. மறுபடி ஒரு பெண்ணோடு கல்யாணம், மறுபடி ஒரு காதலன், பெயர் லூக். 1985 மே 15 அன்று மால்டேவியா என்ற கற்பனை நாட்டில் அரச கல்யாணம்; தீவிரவாதிகள் புகுந்து தேவாலயத்தையே சல்லடையாக்கினார்கள். குடும்பம் மொத்தமும் பிணம்போல் கிடக்கத் தொடர் அடுத்த பருவத்துக்கு நின்றது. செப்டம்பரில் வந்து பார்த்தால் எல்லாரும் தூசி தட்டி எழுந்துகொள்கிறார்கள். முக்கியமானவர்களில் செத்தது இருவர்தான். அதில் ஒருவர் லூக். அத்தனை தோட்டாவிலும் அவர் விலாசம் எழுதியிருந்தது போல.

1989 நவம்பர் 7. ‘தர்ட்டிசம்திங்’. இரண்டு ஆண்கள் ஒரே கட்டிலில், எல்லாம் முடிந்தபிறகு பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தொடவில்லை, தொட அனுமதியும் இல்லை. செத்துப்போன நண்பர்களைப் பற்றிப் பேசினார்கள். எய்ட்ஸ் காலம் அது. விளம்பரக் கம்பெனிகள் ஓடியதில் ஏபிசிக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். மறு ஒளிபரப்பிலிருந்து அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டார்கள். பேச்சுக்கே இந்த விலை என்றால் முத்தத்துக்கு?

அதற்கு ஒரு பஞ்சாங்கம் இருந்தது. அமெரிக்காவில் பிப்ரவரி, மே, ஜூலை, நவம்பர் ஆகிய நான்கும் நீல்சன் கம்பெனி பார்வையாளர் தலைகளை எண்ணும் மாதங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் விளம்பரக் கட்டணம். அந்த மாதங்களில் அலைவரிசைகளுக்குத் திடீரென்று துணிச்சல் பொங்கும். 1991 பிப்ரவரி 7 அன்று ‘எல்.ஏ. லா’ தொடரில் இரண்டு பெண் வக்கீல்கள் கார் நிறுத்துமிடத்தில் முத்தமிட்டார்கள். ஒருத்தி அந்த ஆண்டோடு தொடரை விட்டே போனாள். காதல் அத்தோடு சரி. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும்; லெஸ்பியன் முத்தம் தலை எண்ணும் மாதத்தில் பூக்கும். மேலே நான் கொடுத்த தேதிகளை வேண்டுமானால் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

1993-இல் ‘பிக்கெட் ஃபென்சஸ்’ தொடரில் இரண்டு சிறுமியர் முத்தமிட்டுப் பார்க்கிறார்கள். சிபிஎஸ் கெடுபிடியால் அந்தக் காட்சியே இருட்டில். 1994 மே மாதம் ‘மெல்ரோஸ் ப்ளேஸ்’. அந்த அடுக்குமாடியில் எல்லாரும் எல்லாரோடும் கட்டில் மாறிவிட்டார்கள், ஜமுக்காளம் மாற்றுகிற மாதிரி. மேட் என்ற தன்பாலீர்ப்பாளர் மட்டும் மற்றவர்களின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு முத்தம் வாய்த்தது. உதடுகள் நெருங்குகின்றன, நெருங்குகின்றன... கேமரா ஜன்னலுக்குத் திரும்பி, அதே தொடரின் இன்னொரு பாத்திரமான பில்லி வாய் பிளந்து நிற்பதைக் காட்டியது. நம் பழைய சினிமாவில் இரண்டு ரோஜாவாவது முட்டிக்கொள்ளும். ஃபாக்ஸ் அலைவரிசைக்கு ரோஜா வாங்கவும் மனசில்லை.

எலன் டிஜெனரெஸ் தொடரில் எலன் யாரையும் காதலிப்பதில்லையே, என்ன செய்யலாம் என்று கதை இலாகா மண்டையைக் குடைந்தபோது, நிர்வாகத் தரப்பிலிருந்து ஒரு யோசனை வந்தது: ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுங்கள். உண்மையான யோசனைதான். எலனும் எழுத்தாளர்களும் தங்கள் ரகசியத் திட்டத்துக்கு அதையே பெயராக வைத்தார்கள்: ‘தி பப்பி எபிசோட்’. 1997 ஏப்ரல் 30. விமான நிலையத்தில் எலன் தட்டுத்தடுமாறி தான் கே என்று சொல்கிறார். முன்னால் ஒலிவாங்கி ஆனில் இருப்பது தெரியாமல். மொத்த விமான நிலையமும் கேட்டது, சுமார் 4 கோடியே 20 லட்சம் அமெரிக்கர்களும் பார்த்தார்கள். அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ளூர் நிலையம் ஒளிபரப்ப மறுத்தது. அந்த ஊர்க்காரர்கள் செயற்கைக்கோள் வழியாக நிகழ்ச்சியைப் பிடித்து, மண்டபத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடி உட்கார்ந்து கைதட்டிப் பார்த்தார்கள். ஏபிசி அடுத்து வந்த பகுதிகளின் நெற்றியில் எச்சரிக்கை வாசகம் ஒட்டியது. 1998-இல் தொடரையே நிறுத்தியது. நாய்க்குட்டி வாங்கியிருந்தால் இன்னும் ஓடியிருக்குமோ என்னவோ.

அதே 1998-இல் என்பிசி ‘வில் அண்ட் கிரேஸ்’ தொடங்கியது. அதிலும் முத்தத்துக்குப் பஞ்சம். எழுத்தாளர்கள் அந்தப் பஞ்சத்தையே கதையாக்கிவிட்டார்கள். தொடருக்குள் வில்லின் நண்பன் ஜாக் டிவி முன் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு ஆண்களின் முத்தம் வரப்போகிறது என்று. சரியான நேரத்தில் கேமரா விலகிவிடுகிறது. ஜாக்கும் வில்லும் சண்டை போட என்பிசிக்கே போகிறார்கள். அங்கே வேலைக்கு ஆகவில்லை. நேரே ‘டுடே’ நிகழ்ச்சி நடக்கும் தெருவுக்குப் போய், நேரலைக் கேமரா முன் வில் ஜாக்கைப் பிடித்து முத்தமிட்டுவிடுகிறான். என்பிசி காட்டாத முத்தத்தைக் கண்டித்து என்பிசியில் என்பிசி காட்டிய முத்தம். இருவரும் காதலர்கள்கூட இல்லை.

தேதி கேட்கிறீர்களா? 2000, பிப்ரவரி 22.