வாசல்வரை உயரம்

ஐந்தடி நான்கங்குலம் ஓர் ஆணுக்கு அப்படியொன்றும் குறைச்சலான உயரம் அல்ல. டவுன் பஸ்ஸில் தலை இடிக்காது. ரயிலில் சைடு லோயர் கிடைத்தாலும் காலை நீட்டிப் படுக்கலாம். ரெடிமேட் பேன்ட் எடுத்தால், அடியில் வெட்டிய துணியில் கைப்பைக்கு ஓர் உறைகூடத் தேறும். நம்மவருக்கு இந்தச் சலுகைகளில் மனம் ஒட்டவில்லை. அவருக்கு ஐந்தடி ஆறு வேண்டும். மீதி இரண்டு அங்குலத்துக்காகப் பள்ளிக்கூடத்துக் கம்பியில் தொங்கிப் பார்த்தார், விளம்பரத்தில் வந்த மாவைப் பாலில் கலக்கிக் குடித்துப் பார்த்தார், வரவில்லை. மீசை முளைத்து வேலைக்கும் போன பிறகு அது ஆன்லைனில் வந்தது, இலவச டெலிவரியோடு.

பங்குனி வெயிலிலும் கணுக்காலை மூடிய ஷூவோடு ஒருவர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால், அவர்தான். இந்த ஷூவின் சூட்சுமம் வெளியே தெரியாது. வெளிக்குதிகால் எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். உள்ளே, பாதத்துக்கடியில், முன்பக்கம் சரிந்து இறங்கும் ஆப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ரப்பர், கார்க், சிலிக்கோன் ஏதோ ஒன்று. அதன்மேல் ஏறி நின்றால் சாதாரண ஷூவிலிருந்து குதிகால் வெளியே வந்துவிடும். கழுத்து உயர்ந்த ஷூவாகப் பார்த்து வாங்குவது அதற்காகத்தான். ஆப்பைத் தனியாகவும் விற்கிறார்கள். அதில் அடுக்கு முறை உண்டு. ஒரேயடியாக இரண்டங்குலம் வளர்ந்தால் ஆபீசில் கண்ணை உறுத்தும் என்று மாதத்துக்கு ஓர் அடுக்காக ஏற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நாற்பதை நெருங்கும் வயதில் இப்படி நிதானமாக வளர்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். கேட்டால் யோகா என்பார்.

ஆப்பு சும்மா தூக்கிவிடுவதில்லை. உடம்பின் பாரம் முன்பாதத்துக்கு இறங்கும். விரல்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். வருஷக்கணக்கில் போட்டால் கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் தசைநார் சுருங்கிப்போய் வெறுங்காலில் நடந்தாலே இழுக்கும். இதனால் நம்மவர் எப்போதும் சற்று முன்னால் சாய்ந்தே நிற்பார். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்ட மேலதிகாரிகள் உண்டு. அந்த வகையில் ஆப்பு அவரை ஆபீசிலும் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறது.

அவருக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. பாரசீகக் குதிரை வீரர்கள் குதிகால் வைத்த காலணி போட்டார்கள். அங்கவடியில் கால் வழுக்காமல் எழுந்து நின்று அம்பு விட அது உதவியது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்கள் குதிரையை விட்டுவிட்டுக் குதிகாலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1701இல் ரிகோ வரைந்த ஓவியத்தில் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகால் வைத்த காலணியோடு, கால் அழகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். போதாததற்குத் தலையில் பொய்முடி. நம்மவரும் 805 மில்லிமீட்டர் உயர இருக்கை உள்ள புல்லட்டில் உட்கார்ந்து சிக்னலில் கால் ஊன்றும்போது அந்தப் பாரசீக வீரருக்கு மிக நெருக்கத்தில் வந்துவிடுகிறார். அந்த ஓர் இடத்தில் ஆப்பு நேர்மையான வேலை செய்கிறது என்றே சொல்வேன். ஆனால் அவர் மனசெல்லாம் லூயி மேல். லூயிக்கு இருந்த வசதி அவருக்கு இல்லை. வெர்சாய் அரண்மனை வாசலில் யாரும் ராஜாவிடம், ‘செருப்பை இப்படி ஓரமா விட்டுட்டு வாங்க’ என்று சொன்னதில்லை.

நம்மவர் பிறந்ததோ செருப்பைக் கழற்றுகிற ஊரில். வீடு, கோயில், பல் டாக்டர் என்று எங்கே போனாலும் கழற்று. கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதற்கும் செருப்பைக் கழற்றி மரியாதை செய்தவர்கள் நாம். தெருவில் ஐந்தடி ஆறாக வந்தவர், ஒவ்வொரு வாசலிலும் ஐந்தடி நான்காகித்தான் உள்ளே போக வேண்டும். தையல்காரர் ஷூவோடு அளவெடுத்த பேன்ட், கூடத்தில் கால் வைத்ததும் தரையில் புரண்டு, அவர் நடந்த வழியெல்லாம் துடைப்பம் போட்ட மாதிரி சுத்தமாகும். ‘உடம்பு இளைச்சிட்டீங்களா அண்ணே?’ என்பார் நண்பரின் மனைவி. ஏதோ குறைந்திருக்கிறது என்று தெரிகிறது. எது என்றுதான் பிடிபடவில்லை.

அதனால் அவர் எந்த வீட்டிலும் வாசலோடு பேசி முடித்துக்கொள்வார். ‘உள்ளே வரலைங்க, அவசரமா ஒரு இடம் போகணும்.’ இதனால் ஊரில் அவருக்கு வேலை மிகுந்தவர் என்று பெயர். கோயிலுக்குப் போனால் மனைவி பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று வெளியே நின்றுகொள்வார். ஒரு பிரதோஷத்தன்று அது பலிக்கவில்லை. ஷூவை வாங்கி வைக்கும் அம்மா அதைக் கவிழ்த்தபோது ஆப்பு இரண்டும் வெளியே விழுந்தன. டோக்கனை நீட்டிக்கொண்டே அந்த அம்மா, பின்னால் நின்ற வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்: ‘தம்பி, உள்ள என்னமோ வச்சிருக்கீங்க. தொலைஞ்சா நாங்க பொறுப்பில்ல.’

ஆஸ்பத்திரியில் கோபுர தரிசனமும் செல்லாது. எடை 68 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர் என்று நர்ஸிடம் வாயால் சொல்லிப் பார்த்தார். அந்தக் கணக்குக்கு பி.எம்.ஐ. 24.1, எல்லைக்குள்தான். நர்ஸ் ஷூவைக் கழற்றச் சொல்லி சுவரோடு நிறுத்தினார்: 163. இப்போது 25.6. 25 ஆகிவிட்டாலே அதிக எடைக் கணக்கில் போய்விடும். ஷூவில் இருந்தவரை ஆரோக்கியமாக இருந்த மனிதரிடம், கழற்றிய ஒரு நிமிடத்தில் சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் சில்லறை. கல்யாணம்தான் இவர்களுக்குப் பரீட்சை. ஜாதகத்தோடு போகும் பயோடேட்டாவில் உயரம் எழுதுவது அம்மா. தாய்ப்பாசம் அங்குலத்தில் தாராளம் காட்டும். பெண் ஐந்தடி ஐந்து என்று தெரிந்தால் பையன் ஐந்தடி ஆறு. பெண் பார்க்கும் அன்று வாசலில் ஷூவை விட்டதும் முதல் ஆளாக உள்ளே பாய்ந்து சோபாவைப் பிடித்துவிடுவார். பெண் காபியோடு வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ‘பையன் ரொம்ப அடக்கம்’ என்று பெண் வீட்டில் பேசிக்கொள்வார்கள். ‘ரெண்டு பேரும் மாடிக்குப் போய்த் தனியாப் பேசட்டுமே’ என்று நாகரிகம் தெரிந்த சித்தப்பா யாராவது ஆரம்பித்தால் மட்டும் அவருக்கு வியர்க்கும்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலையே ரிசப்ஷன் வைப்பது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கோட்டு, சூட்டு, ஷூ. மேடையில் மாப்பிள்ளை நிமிர்ந்து நிற்கிறார். ‘போட்டோவுக்கு நல்லா இருக்கும்மா’ என்று மாமியார் முன்கூட்டியே சொல்லி, பெண்ணுக்குத் தட்டைச் செருப்பு. எல்லோருக்கும் திருப்தி. விடிந்தால் முகூர்த்தம்: பட்டு வேட்டி, வெறுங்கால். மணவறையில் உட்கார்ந்திருக்கிறவரை ஒரு வில்லங்கமும் இல்லை. தாலி கட்டி, அக்கினியை வலம் வர இருவரும் எழுந்து நின்றார்கள். பெண்ணின் தலை நிறையப் பூ வேறு. முன்வரிசையில் இருந்த பெரியம்மா பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது, கெட்டிமேளம் ஓய்ந்த நேரம் பார்த்து மண்டபம் முழுக்கக் கேட்டது: ‘ஏண்டி, நேத்து சாயங்காலம் நின்ன மாப்பிள்ளை எங்கடி? இது தம்பியா?’

சிரிப்பு வந்தாலும் அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் முதல் பெஞ்சு, பிரேயரில் வரிசையின் தலைப்பு, குரூப் போட்டோவில் தரையில் சம்மணம் என்று பன்னிரண்டு வருஷம் அளந்து வைத்துவிட்டோம். காவலர் வேலைக்குப் பொதுப்பிரிவு ஆணுக்கு 170 சென்டிமீட்டர் கேட்கிறார்கள், சரி, அது ஓட வேண்டிய வேலை. குடும்பம் நடத்த எதற்கு இவ்வளவு அங்குலம் என்று எந்தப் பெண் வீட்டாரும் யோசிப்பதில்லை. ஜாதகம் பொருந்தியும் உயரத்துக்காகத் திருப்பி அனுப்புகிறார்கள். பெண்கள் ஹீல்ஸ் போட்டால் சத்தம் போட்டுக்கொண்டே நடக்கிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எழுபதுகளில் பெல்பாட்டத்துக்குக் கீழே தடித்த அடி வைத்த ஷூ போட்டு நம் மாமாக்கள் ஸ்டுடியோவில் பகிரங்கமாகவே படம் எடுத்துக்கொண்டார்கள். நம்மவருக்கு மட்டும் அது திருட்டுப் பொருளாகிவிட்டது.

உங்கள் வீட்டுக்கும் இவர் ஒரு நாள் வருவார். ஷூ லேசை அவிழ்க்க வழக்கத்துக்கு மேல் நேரம் எடுத்துக்கொள்வார். அப்போது எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ‘வாங்க, உட்காருங்க’ என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விடுங்கள். நீங்கள் திரும்புவதற்குள் அவர் சோபாவில் இருப்பார்.