ஓட்டை இலை குறித்து ஒரு மன்னிப்புக் கடிதம்

பெறுநர்:
பசுமைக் காவலர், மழலையர் கல்வி மாமேதை, உயர்திரு தாளாளர் அவர்கள்,
ஓ.எம்.ஆர். ஓரத்துப் பள்ளி (பெயர் சொல்லும் தகுதி எனக்கில்லை),
படூர்.

பொருள்: யு.கே.ஜி. மாணவியின் யானைக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தமை – வருத்தம் தெரிவித்தல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வெள்ளிக்கிழமை தங்கள் பள்ளியில் கொண்டாடப்பட்ட பசுமை தினத்தில், என் பேத்தி ஒட்டிக் கொண்டுவந்த இலை யானையைத் திருப்பி அனுப்பிய பெருந்தன்மைக்கு முதற்கண் நன்றி. யானையின் நெற்றியில் சிவப்பு மையால் ‘சேதமான இலை, கிட் பயன்படுத்தவும்’ என்று எழுதி, பக்கத்திலேயே பள்ளி முத்திரையும் குத்தியிருந்தீர்கள். எனக்கு 68 வயதாகிறது. முத்திரை குத்திய யானையை இப்போதுதான் பார்க்கிறேன்.

மறுநாள் என்னையும் வரவழைத்து, யு.கே.ஜி. நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க 40 நிமிடம் உட்கார வைத்ததற்கும் நன்றி. அந்த உயரத்திலிருந்துதான் தங்கள் வரவேற்பறையின் பிளாஸ்டிக் மூங்கிலை முழுசாக ரசிக்க முடிகிறது.

குற்றவாளி, எங்கள் கொல்லையில் நிற்கும் பூவரசு. அதனிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பிவிட்டேன். ஒரே அளவில் இலை வழங்காதது, பழுத்ததையும் பச்சையையும் கலந்து உதிர்த்தது, பூச்சி கடித்த சரக்கைத் தரப் பரிசோதனையின்றி வெளியே விட்டது, ஜி.எஸ்.டி. ரசீது தராதது என நான்கு குற்றச்சாட்டுகள். ஏழு நாள் அவகாசம் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. மேலும் இரண்டு இலைகளை உதிர்த்திருக்கிறது.

தங்கள் கிட்டின் அருமையை நான் அறியாதவனல்ல. 650 ரூபாய். உள்ளே பன்னிரண்டு ஃபோம் இலைகள், எல்லாம் ஒரே பச்சை, ஒரே அளவு. ஆட்டினால் உருளும் பிளாஸ்டிக் கண் இரண்டு. ‘இயற்கையோடு இணைவோம்’ என்று அட்டையில் அச்சிட்டு, அதன்மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறை. பூவரசால் இந்தத் தரத்தை எந்தக் காலத்திலும் எட்ட முடியாது.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் பேத்தி கொல்லையில் உட்கார்ந்து, வேலியில் படர்ந்த கோவை இலையைக் கசக்கித் தாளில் தேய்த்தாள். புல்தரை வந்தது. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இதே கோவை இலையைக் கரியோடு அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். அன்று கையெல்லாம் கறுப்பாகிப் போன நாங்கள் எப்படி உயிர் பிழைத்தோமோ தெரியவில்லை. வானத்துக்குச் சங்குப்பூவைப் பிழிந்தாள். நீலம் காய்வதற்குள் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டதும் அந்த இடம் மட்டும் ஊதாவாகிச் சிவந்தது. “தாத்தா, பொழுது சாஞ்சிடுச்சு!” என்று கத்தினாள். நாட்டு வாதாமின் சிவந்த இலை உடம்பு, ஈர்க்குச்சி கால்கள், காய்ந்து வளைந்த முருங்கைக்காய்த் தோல் தும்பிக்கை.

தலைக்குத்தான் அரைமணி நேரம் தேடினாள். நான் எடுத்துக் கொடுத்த நல்ல இலைகளையெல்லாம் தள்ளிவிட்டு, பூச்சி ஓட்டை போட்ட ஒன்றைப் பொறுக்கினாள். ஓட்டை வழியாகக் கீழே இருந்த வெள்ளைத் தாள் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு மிளகை ஒட்டினாள். “ஒரு கண்ணுதானேம்மா இருக்கு?” என்றேன். “சைடுல பாக்குது தாத்தா” என்றாள்.

இந்தக் கண்ணைத்தான் தாங்கள் சேதம் என்று கண்டுபிடித்தீர்கள். பூவரசுக்கு இரண்டாவது குறிப்பாணை தயாராகிறது.

தங்கள் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. அரளியும் ஊமத்தையும் விஷம், எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, முருங்கையில் கம்பளிப்பூச்சி இருக்கும். எதைத் தொடக்கூடாது என்பதையும் அதே கொல்லையில் வைத்துத்தான் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஃபோம் இலையை வைத்து அதைச் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது.

தங்கள் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி அம்மையார் படத்துக்குக் கீழே ‘சர்வதேச முறை’ என்று இருக்கிறது. அந்த அம்மாள் 1939-இல் அடையாறுக்கு வந்து, போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தவர். கோடைக்கானலில் பிள்ளைகளோடு செடிகொடி பார்த்துக்கொண்டு அவர் கழித்த வருடங்களில் தங்கள் கிட் சந்தைக்கு வராமல் போனது அவருடைய துரதிர்ஷ்டம். போன வருடம் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், குயவர் சக்கரத்தில் களிமண்ணைத் தொட வைத்துப் படம் எடுத்துப் பிரசுரத்தில் போட்டீர்கள். டிக்கெட் வாங்கித் தொட்டால் அது பாரம்பரியம் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

ஆனால், ஐயா, நகக்கண்ணில் கோவைச் சாறு ஒட்டியிருந்தது என்பதற்காக ஐந்து வயசுப் பிள்ளையை மூன்று தடவை கை கழுவ வைத்து, மற்ற பிள்ளைகள் ஒட்டி முடிக்கும்வரை சுவரோரம் தனியாக நிறுத்தினீர்களே, அது எந்த ஊர் முறை? வீட்டுக்கு வந்து “நம்ம மரம் அழுக்கா தாத்தா?” என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? ஏரியும் வயலுமாக இருந்த ஊரில் நிற்கிற நாலு மரத்தையும் பிள்ளைக்கு அருவருப்பாக்கிக் காட்டுவதற்கா வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வாங்குகிறீர்கள்?

மன்னிக்கவும். ரத்த அழுத்த மாத்திரை போட மறந்துவிட்டேன். போட்டாயிற்று.

பெருந்தகையீர், அடுத்த சுற்றுலாவுக்கு மாமல்லபுரம் போகும்போது அர்ச்சுனன் தபசைத் தாங்கள் நேரில் ஆய்வு செய்ய வேண்டுகிறேன். பாறையின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. இயற்கையாகவே இருந்தது. சிற்பி அதை அடைக்கவில்லை, வேறு பாறை கேட்கவுமில்லை. அதையே கங்கையாக்கி நாகர்களை நீந்த விட்டுவிட்டான். பக்கத்திலேயே யானைகள். அவற்றின் நெற்றி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. முத்திரையை மறக்காமல் எடுத்துச் செல்லவும். அங்கே பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையும் உண்டு, காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கும். அதைப் பார்த்ததும் தங்கள் நினைவு வந்தது, பக்தியின் காரணமாக மட்டுமே.

பூவரசிடமிருந்து விளக்கம் கிடைத்ததும் நகல் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கட்டணத்தைத் தவறாமல் கட்டிவரும்,
ஒரு தாத்தா.

இணைப்பு: பூவரசு இலை 1 (ஓட்டையுடன்), பூவரசு இலைப் பீப்பி 1.

பி.கு.: பீப்பியைக் குறுகிய முனையைச் சற்று நசுக்கி, அந்தப் பக்கமாக ஊத வேண்டும். சந்தேகம் இருந்தால் யு.கே.ஜி. ‘பி’ பிரிவில் கேட்கவும். சுவரோரம் நிற்பாள்.